மூலையில் ஒரு கறுப்புக் கட்டம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு, தங்கை எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு கேட்டா "இருக்கிறேன்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவே. இந்தத் தடவையாவது கண் எப்படி இருக்குன்னு ரெண்டு வரி எழுது. பேசற மாதிரியே எழுதறேன்னு திட்டாதே. நீ கான்வென்ட்டுல படிச்சப்போ அப்பா கை தாராளம். நான் பள்ளிக்கூடம் போறப்போ அது சுருங்கிப் போச்சு. போன்ல பேசலாம்னா உனக்குக் காது கேக்கலை, எனக்குக் கத்தத் தெம்பில்லை.

விஷயம் இதுதான். தையல் கடையில இருக்கிற கம்ப்யூட்டர் மூச்சுவிட முடியாமக் கிடக்கு. துணி வெட்டுற மேஜைக்கு அடியில அந்தப் பெட்டி. பஞ்சும் நூலும் உள்ளே போய் விசிறியில சுத்திக்குது. போன வாரம் பிரிச்சுப் பார்த்தா ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு. ஒயர்ல கால் தடுக்கி ஒரு தையல்காரப் பொண்ணு கத்தரியோட விழுந்தா, நல்லவேளை யார் மேலயும் படலை. அளவு, டிசைன், யாருக்கு என்னிக்குத் தரணும்ங்கிறது எல்லாம் அதுலதான். அதனால திரையும் பெட்டியும் ஒண்ணாவே இருக்கிற ஆல் இன் ஒன் வாங்கலாமான்னு யோசனை. உன் பையன் உனக்கு வாங்கி அனுப்பினதும் அதுதானே. நல்லது கெட்டது ரெண்டையும் எழுது. பாடப்புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறவ நீ. உன் கண்ணுக்குத் தப்பிப் பிழைச்ச பிழை எது?

கேமரா எப்படின்னும் எழுது. முகம் நல்லாத் தெரியுதா? உன் பையன், நம்ம கல்லுளி, அதுல வாயைத் திறக்கறானா?

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை


பிப்ரவரி 21

அன்புத் தங்கைக்கு,

இருக்கிறேன். கண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஏப்ரலில் அறுவை செய்துவிடலாம் என்று மருத்துவர் சொல்கிறார். ரெண்டு வரி கேட்டாய், தந்துவிட்டேன்.

ஒன்றை மதிப்பிடும்போது நிறையை இடப்பக்கமும் குறையை வலப்பக்கமும் எழுத வேண்டும் என்று எங்கள் கன்னியாஸ்திரி ஆசிரியை கற்றுத் தந்தார். அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நிறை. ஒரே ஒரு ஒயர். மேஜையில் எனக்கும் மெய்ப்புத் தாளுக்கும் இடம் மிஞ்சுகிறது. திரை பெரிது, எழுத்தை எறும்பு அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்குக் கொண்டுவரலாம். சத்தம் இல்லை. ஒலிபெருக்கி உள்ளேயே இருப்பதால் என் காதுக்கும் கேட்கிறது.

குறை. உன் அத்தானின் பழைய பெட்டியில் நோய் எங்கே என்று தெரிந்தால் அந்த உறுப்பை மட்டும் மாற்றினால் போதும். இதில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பின்னால் விரிவாக்கவும் இயலாது. பிறந்த நினைவாற்றலோடுதான் சாகும். முதுகு சுடும், உன் கடைப் பஞ்சை அந்தப் பக்கம் அண்டவிடாதே. உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. திரையைக் கொஞ்சம் சாய்க்கலாம், அவ்வளவுதான்.

கேமராவைப் பற்றிக் கேட்டாய். அதன் கண் முகப்பில் எங்குமே தென்படவில்லை. செய்தவர்கள் பண்பானவர்கள். எதிரில் ஒரு கண் முறைத்துக்கொண்டிருக்காமலே வேலை நடக்கிறது. இதை நிறைப் பக்கத்தில் சேர்த்துக்கொள். ஒரே ஒரு தொல்லை. அவன் பேசும்போது திரையின் மூலையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் வந்து அவன் தோளை மறைக்கிறது. அதை நீக்க வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பான். அழைப்பது அவன் வேலை, பச்சைப் பொத்தானை அழுத்துவது என் வேலை. மற்றதை நான் கற்றுக்கொள்ளவில்லை. இஸ்திரி போட்ட சேலை உடுத்தித் தயாராக உட்கார்ந்திருப்பேன். அவன் எங்கேயோ பார்த்தபடி "சரிம்மா, சரிம்மா" என்பான். முன்பெல்லாம் அவனுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரியும், இப்போது வெறும் வெள்ளைச் சுவர். மனைவி அவனை விட்டுப் போனதைப் பற்றியோ வேலையைப் பற்றியோ நானும் கேட்பதில்லை.

பின்னறையை ஒழித்து, மெத்தைக்கு வெயில் காட்டியிருக்கிறேன். அறுவைக்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாச்சு, மன்னிச்சிடு. கடையில வேலை தலைக்கு மேல.

உனக்கு இருக்கிற அதே கம்ப்யூட்டரை வாங்கியாச்சு. நீ சொன்ன நிறை எல்லாம் நிறைதான். மேஜைக்கு அடியில இடம் வந்துடுச்சு, கால் நீட்டிக்கலாம். நீ சொன்ன குறையும் குறைதான். நான் நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறவ. குனிஞ்சு குனிஞ்சு கழுத்து ஒடிஞ்சு போச்சு. சிவப்பு அட்டை போட்ட தடி அகராதி ஒண்ணை அடியில வெச்சோம். இப்போ கண்ணுக்கு நேரா நிக்குது. தையல்காரப் பொண்ணுங்க "படிப்பு உங்களுக்கு இப்பதாங்க்கா உதவுது"ன்னு கிண்டல் பண்றாங்க.

கேமராவை நாங்க தொடலை. எனக்கு யார் முகத்தைப் பார்க்கணும்?

ஆபரேஷனுக்கு அவன் வருவான், வராம எங்க போவான். ஒருவேளை வர முடியலைன்னா மனசை விட்டுடாதே. பையன் கெட்டவன் இல்லை அக்கா.

தங்கை


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் அதிலிருந்த ஆறுதலும் கிடைத்தன. ஆறுதலை நான் கேட்டதாக நினைவில்லை.

ஒரு சந்தேகம். உன் வீட்டில் அகராதி எப்போது வந்தது? ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் எனக்கு அஞ்சலட்டை போடுகிறவள் நீ. சிவப்புத் துணி அட்டையில் ஒன்றை நான் ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறேன், அவன் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று. அதன் முதுகில் ஊதா மசிக்கறை இருக்கும். முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும். உன் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து எழுது.

அறுவை அடுத்த வாரம். விடுப்பு கிடைக்கவில்லை என்று அவன் சொல்லிவிட்டான். பதிப்பகத்து டிரைவர் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். மெத்தையை மீண்டும் சுருட்டி வைத்துவிட்டேன்.

உடல்நலம் பேணு.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நம்பறேன். நான் ஓடி வந்திருக்கணும். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள சீருடை தைச்சுக் கொடுக்கணும், நாற்பது பாவாடை மடிப்புப் பிரிஞ்சு கிடக்கு. இதெல்லாம் சாக்குன்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அகராதி பழைய புத்தகக் கடையில எடைக்கு எடுத்தது. மசிக்கறையெல்லாம் நான் பார்க்கலை. எல்லா அகராதியும் சிவப்பாத்தான் இருக்கும்.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தக் கடிதத்துல இல்லை. கண் ஆறட்டும்.

கண்ணைக் கசக்காதே. சொட்டு மருந்தை மறந்துடாதே.

தங்கை


ஏப்ரல் 27

தங்கைக்கு,

கண் ஆறிவிட்டது. நன்றாகவே தெரிகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அறுவைக்குப் பிறகு வந்த ஞாயிறு, கண்ணில் கட்டோடு திரைக்கு எதிரே உட்கார்ந்தேன். பாதி முகம் பஞ்சு. அவன் அழைத்தான். கட்டைப் பற்றி அவனே கேட்கட்டும் என்று இருந்தேன். "அங்க வெயில் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான். சொன்னேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டான்.

நேற்று மறுபடி அழைத்தான். புதுக் கண்ணால் முதல் முறையாகப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் ஒரு ஆணி. அந்த ஆணியில் ஒரு அளவு நாடா. பக்கத்தில், ரவிக்கையில் கைக்குழி வெட்டும்போது வைத்து வரைவீர்களே, அந்த வளைந்த மரச்சட்டம். வெளிநாட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் அறையில் அது எதற்கு?

அகராதியைத் தூக்கிப் பார்க்கும் சிரமம் உனக்கு இனி வேண்டாம்.

அவன் எனக்குப் பொய் சொன்னான். அவன் கல்லுளிமங்கன், அப்படித்தான். நீ எனக்கு எழுதினாய். வாய்ப் பொய்க்கும் எழுத்துப் பொய்க்கும் வித்தியாசம் உண்டு. நீ என்னைவிட நல்ல தாயாக இருக்க விரும்பினால் இருந்துகொள். இத்துடன் இருப்பதை அவனிடம் கொடு.

அக்கா


ஏப்ரல் 27

மகனுக்கு,

நலம் விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நன்றாக இருக்கிறாய் என்று சுவரே சொல்லிவிட்டது.

கண்ணில் கட்டோடு உன் எதிரே உட்கார்ந்திருந்தேன். நீ வெயிலைப் பற்றிக் கேட்டாய். தாயின் முகத்தில் கட்டைப் பார்த்துவிட்டு வானிலை கேட்கும் பிள்ளையை நான் பெற்றதாக எனக்கு நினைவில்லை.

போன வருஷம் நான் சொன்ன சொல்லை, கோபத்தில் சொன்னது என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்று கோபம் இல்லை. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்க வேண்டாம்.

அகராதியை அனுப்பிவிடு. முட்டுக் கொடுக்கச் செங்கல் கிடைக்கும்.

அம்மா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

உன் கண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. இதை உட்கார்ந்து, நிதானமாப் படி. போன் பண்ணிப் பார்த்தேன், நீ எடுக்கலை.

நேத்து சாயங்காலம் ஒரு வாடிக்கைக்காரம்மா வெளியூர்ல இருந்து கூப்பிட்டு, கழுத்து வேலைப்பாட்டைக் கம்ப்யூட்டர்லயே காட்டச் சொன்னாங்க. நாங்க கேமராவைத் தேடறோம், தேடறோம், காணோம். கடைசியில ஒரு பொண்ணு மேல் விளிம்பைத் தடவி ஒரு அழுத்து அழுத்தினா. நத்தை கொம்பு நீட்டற மாதிரி ஒரு கண் மேலே வந்துச்சு. அழுத்தித் தூக்கலைன்னா அது உள்ளேயேதான் தூங்கும். தூங்கற வரைக்கும் நாம எதிராளியைப் பார்க்கலாம், எதிராளிக்கு நாம தெரிய மாட்டோம். அவங்களுக்கு வெறும் இருட்டு.

எனக்கு உடனே உன் பிப்ரவரிக் கடிதம் ஞாபகம் வந்தது. கண்ணே தென்படலைன்னு எழுதியிருந்தே. மூலையில ஒரு கறுப்புக் கட்டம், அவன் தோளை மறைக்குதுன்னும் எழுதியிருந்தே. அந்தக் கட்டம் யாருன்னு நினைச்சே? எதிராளிக்கு நாம எப்படித் தெரியறோம்னு காட்டற கட்டம் அது. அது நீதான் அக்கா. ஒரு வருஷமா அவனுக்கு நீ அப்படித்தான் தெரிஞ்சிருக்கே.

ஒளிச்சது போதும். அவன் டிசம்பர்ல இருந்து என் வீட்லதான் இருக்கான். அங்க வேலை போச்சு. உன்கிட்ட வர பயந்து என்கிட்ட வந்தான். பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்போ நீ அவன்கிட்ட "இனிமே என் முகத்துல முழிக்காதே"ன்னு சொன்னியாமே. அதுக்கப்புறம் நீ அவன் அனுப்பின கம்ப்யூட்டர்ல வந்து உட்கார்ந்தா அவனுக்கு இருட்டு. நேத்துதான் என்கிட்ட வாயைத் திறந்தான்.

"குரல் மட்டும் வரும் சித்தி. அம்மா முகத்தை மூடிட்டுப் பேசறாங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்தறாங்க."

"ஏன்டா, ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா குரலும் போயிடும்."

கம்ப்யூட்டரோட நல்லது கெட்டதை உன்கிட்ட கேக்கச் சொன்னதே அவன்தான். கேமராவைப் பத்திக் கேளுங்க சித்தின்னு ரெண்டு தடவை சொன்னான். நீ எழுதின பதிலைப் படிச்சிட்டு, "பார்த்தீங்களா, கண் தெரியாததை நிறைன்னு எழுதியிருக்காங்க"ன்னு மடிச்சு வெச்சுட்டான்.

ஆபரேஷன் அன்னிக்கு பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தான். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருக்கான். நீ யாரோ டிரைவர் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கறதைப் பார்த்திருக்கான். கிட்ட வரலை. முழிக்காதேன்னு சொன்ன முகத்துக்கு முன்னால எப்படி நிக்கறதுன்னு திரும்பிட்டான்.

கேமரா விஷயத்தைச் சொன்னதும் ரொம்ப நேரம் அந்தக் கண்ணை உள்ளே தள்ளறதும் வெளியே எடுக்கறதுமா இருந்தான். அப்புறம் எழுந்து போய்ப் பையை எடுத்து வெச்சுட்டான். வர்ற சனிக்கிழமை உன்கிட்ட வரான். பின்னறை மெத்தையை விரி. அவனை எதுவும் கேக்காதே, சாப்பாடு போடு.

தங்கை


மே 4

அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துடுச்சு. நான் எழுதினது உன் கைக்கு வர்றதுக்கு முன்னாலேயே நீ எழுதினது இங்க வந்துடுச்சு. கடைக்கு வந்த தபாலை அவன்தான் வாங்கினான். மேல உன் கையெழுத்து. சிரிச்சுக்கிட்டே பிரிச்சான் அக்கா. நான் எழுதினதுக்கு நீ பதில் போட்டுட்டேன்னு நினைச்சான். ரெண்டு நாள்ல எப்படிப் பதில் வரும்னு ரெண்டு பேருக்குமே தோணலை.

ஒரு தடவைதான் படிச்சான். "அம்மா எழுதினா ஒரு சொல் கூட மாத்த முடியாது சித்தி"ன்னான்.

"அவளுக்குத் தெரியாதுடா, அதுக்கு முன்னாடி எழுதினதுடா"ன்னு சொன்னேன். "கேமரா தெரியாது. ஆனா எழுதத் தெரியும்"னான். சனிக்கிழமை பஸ் ஏறினான். உன் ஊர் பஸ் இல்லை. எங்க போறேன்னு கேட்டேன், கல்லுளி சொல்லுவானா? வேலை தேடிக்கிட்டு எழுதறேன்னு மட்டும் சொன்னான்.

அகராதியை அவனே பார்சல் கட்டிக் கொடுத்துட்டுப் போனான், இன்னிக்கு அனுப்பிட்டேன். கம்ப்யூட்டருக்கு அடியில இப்போ செங்கல் வெச்சிருக்கேன், உன் சொல்படி.

எழுத்துப் பொய்னு எழுதியிருந்தே. ஆமா, எழுதினேன். நான் எழுதின பொய்யில அவன் அஞ்சு மாசம் சாப்பிட்டான், தூங்கினான். நீ எழுதின உண்மையில மூணு நாள் கூடத் தங்கலை.

உடம்பைப் பார்த்துக்கோ. இதையும் மனசாரத்தான் எழுதறேன்.

தங்கை


ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

இருக்கிறேன். கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடிகூட வேண்டாம் என்கிறார்கள். நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கேமராவைப் பற்றி நீ எழுதிய கடிதம் அந்தச் சனிக்கிழமை காலையில் வந்தது. நான் எழுதியது உங்களுக்கு எப்போது கிடைத்திருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். தபால் தவற வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன். பின்னறை மெத்தையை விரித்தேன். இரண்டு பேருக்குச் சமைத்தேன். வாசல் கதவைத் தாழிடவில்லை. மறுநாள் பழையதைச் சாப்பிட்டேன்.

அகராதி வந்தது. சேதமில்லை. முகவரி எழுதிய கை யாருடையது என்று தெரிந்தது. பார்சல் காகிதத்தை எறியாமல் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருந்த முதல் பக்கம் மட்டும் இல்லை. கத்தரியால் ஒட்ட வெட்டி எடுத்திருக்கிறான், ஓரம் நேராக இருக்கிறது. தையல் கடையில் இருந்தவன் அல்லவா. வேண்டாம் என்று வெட்டினானா, வேண்டும் என்று எடுத்துக்கொண்டானா என்று நீ அவனிடம் கேட்காதே. நானும் கேட்கப் போவதில்லை. இரண்டும் பொருந்துகின்றன.

அகராதியை என் கம்ப்யூட்டருக்கு அடியில் வைத்திருக்கிறேன். இத்தனை நாள் நானும் குனிந்துதான் பார்த்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. மேல் விளிம்பை அழுத்தினேன். கண் வந்தது. அதைத் திரும்ப உள்ளே தள்ளவில்லை. இரவில் அதன் மேல் ஒரு கைக்குட்டையைப் போர்த்துகிறேன், தூசி படியக் கூடாதே.

பிப்ரவரியில் நான் அனுப்பிய மதிப்பீட்டில் திருத்தம் உண்டு. கேமராவின் கண் தெரியாததை நிறைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. கறுப்புக் கட்டத்தைக் குறைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிடு. அது பிழையைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் காட்டியிருக்கிறது. பார்க்க வேண்டியவள் நான்.

பதிப்பகத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பாடநூல் மெய்ப்பு தாமதமாகிறதே என்று விசாரிக்க வந்தவளை உட்கார வைத்து, எதிர்ப்பக்கத்துக்கு நாமே எப்படி அழைப்பது என்று கேட்டுக்கொண்டேன். "இவ்வளவுதாம்மா, இதை அழுத்தணும்" என்றாள். உண்மையிலேயே அவ்வளவுதான்.

நேற்று ஞாயிறு. இஸ்திரி போட்ட சேலை உடுத்திக்கொண்டு உட்கார்ந்து, அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் எடுக்கும்வரை திரை முழுவதும் நம் முகம்தான் தெரியும் என்று நீயும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. புதுக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மணி தானாக நிற்கும்வரை.

இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? அவன் எழுதினால், எழுதினான் என்று மட்டும் எழுது. என்ன எழுதினான் என்று வேண்டாம்.

அக்கா